அருங்காட்சியகங்களும் நம் மரபுச் செல்வமும்

ஓர் இனத்தின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்பட்டிருப்பதன்று. அது கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டிருக்கும். மண்ணிலும் மரத்திலும் பதிந்திருக்கும். மக்கள் நாள்தோறும் கையாண்ட கருவிகளிலும் கலன்களிலும் படிந்திருக்கும். ஏடு பேசாத செய்தியை உடைந்த ஓடு பேசுவதுண்டு. மன்னன் பெயரைக் கல்வெட்டு உரைக்கும். அம்மன்னன் காலத்து மக்கள் எதில் சமைத்தனர், எதை அணிந்தனர், எவரோடு வாணிகம் செய்தனர் என்பதை மண்ணுள் புதைந்த பானையும் மணியும் உரைக்கும். அத்தகைய சான்றுகளைத் திரட்டி, காத்து, ஆராய்ந்து, மக்கள் முன் வைக்கும் இடமே அருங்காட்சியகம்.

இன்று நாம் எளிதாகக் கூறும் இவ்விலக்கணம் தொடக்கம் முதலே அருங்காட்சியகத்திற்கு உரியதாக இருக்கவில்லை. வியப்பூட்டும் பொருள்களைக் குவித்து வைக்கும் கூடமாகத் தொடங்கி, ஆட்சியாளரின் அறிவுக் கருவியாகி, புதிய நாடுகளின் அடையாளமாக உயர்ந்து, இன்று மக்களின் நினைவகமாக மாற முயல்கின்றது அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அம்மாற்றம் நிகழ்ந்த முறையையும், அதில் நமக்குள்ள பங்கையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

'மியூசியம்' என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து பிறந்தது. கலைக்கும் கல்விக்கும் உரிய தெய்வங்களாகக் கிரேக்கர் வணங்கிய ஒன்பது மகளிர் 'மியூசுகள்' எனப்பட்டனர். அவர்களுக்குரிய இடமே மியூசியம். எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இப்பெயரோடு விளங்கிய பழைய நிறுவனம் பொருட்காட்சிக்கூடம் அன்று. அறிஞர் கூடிவாழ்ந்து ஆராய்ந்த கழகமாகும்.

தமிழில் இதற்கு வழங்கிய பெயர்களே ஒரு வரலாறாகும். 'நூதனசாலை' என்றனர், 'பொருட்காட்சிச்சாலை' என்றனர், 'அரும்பொருளகம்' என்றனர், இன்று 'அருங்காட்சியகம்' நிலைபெற்றுவிட்டது. 1851 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை அரசினர் அருங்காட்சியகத்திற்குப் பொதுமக்கள் தாமே ஒரு பெயர் சூட்டினர். விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கினர். பஞ்சடைத்த விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் கண்டுவந்த எளிய மக்களின் நகைச்சுவை அது. ஆயினும் அந்நகைச்சுவைக்குள் ஆழ்ந்ததொரு வினா அடங்கியுள்ளது. அருங்காட்சியகம் இறந்தவற்றின் கிடங்கா? அன்றி இருப்பவர்க்கு உயிரூட்டும் கல்விச்சாலையா? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அருங்காட்சியகங்கள் அடைந்த மாற்றமெல்லாம் இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியே எனலாம்.

குடியேற்ற ஆட்சியும் காட்சிக்கூடமும்

மேலைநாடுகளில் அரசரும் செல்வரும் தம் மாளிகைகளில் சேர்த்து வைத்த பொருள்கள் காலப்போக்கில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. ஆக்சுபோர்டில் அசுமோலியன் 1683 இலும், இலண்டனில் பிரிட்டிசு அருங்காட்சியகம் 1759 இலும், பாரிசில் லூவர் 1793 இலும் திறக்கப்பட்டன. ஐரோப்பியர் கீழ்த்திசையில் ஆட்சி நாட்டிய இடங்களுக்கும் இவ்வழக்கம் பரவிற்று. கல்கத்தாவின் ஆசியக் கழகம் 1814 இல் தன் அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தது.

மலாயாவின் முதல் அருங்காட்சியகம் 1883 ஆம் ஆண்டில் தைப்பிங் நகரில் எழுந்தது. பேராக்கின் பிரிட்டிசு ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ அதனை நிறுவினார். அவர் ஆட்சியாளர் மட்டுமல்லர். செடிகொடிகளை ஆராய்ந்த இயற்கை ஆய்வாளருமாவார். முதற் காப்பாட்சியரான லெனர்ட் ரே என்பவரும் இயற்கை ஆய்வில் ஈடுபாடு உடையவர். ஈயத்தால் செழித்த லாருட் பகுதியின் தலைநகரில் இவ்வருங்காட்சியகம் தோன்றியது தற்செயலன்று. மண்ணில் என்ன கனியம் உண்டு, காட்டில் என்ன மரம் உண்டு, மக்கள் என்ன கைத்தொழில் அறிவர் என்பதை அறிதல் ஆட்சிக்கும் வாணிகத்திற்கும் தேவையாயிருந்தது. சரவாக்கில் இராசா சார்லசு புரூக் எழுப்பிய அருங்காட்சியகக் கட்டடம் 1891 இல் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகம் வளர்ந்தது.

சிங்கப்பூரில் இதற்கு நெடிய முன்வரலாறு உண்டு. 1849 ஆம் ஆண்டில் ஜொகூர்த் தெமெங்கோங் இரண்டு பொற்காசுகளைச் சிங்கப்பூர் நூலகத்திற்கு வழங்கினார். அவ்விரு காசுகளே பின்னர் வளர்ந்த பெருஞ்சேர்க்கையின் வித்து எனக் கூறுவர். 1874 இல் இராஃபில்சு நூலகமும் அருங்காட்சியகமும் ஒன்றாய் அமைந்தன. இசுட்டாம்ஃபோர்டு சாலையில் இன்றும் குவிமாடத்தோடு விளங்கும் கட்டடம் 1887 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் திறக்கப்பட்டது. அது விக்டோரியா பேரரசியின் ஆட்சிப் பொன்விழா ஆண்டு. அதே 1887 ஆம் ஆண்டில்தான் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழும் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிற்று. ஒரே நகரில் ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டில், கட்டடத்தை அரசு எழுப்பியது. இதழைத் தமிழ் மக்கள் எழுப்பினர். அன்றைய அருங்காட்சியகத்தில் தமிழர் வாழ்வைத் தேடுவோர் ஏமாற்றமே அடைந்திருப்பர். 'சிங்கை நேசன்' ஏட்டிலோ அன்றைய தமிழரின் வாணிகம், வழிபாடு, பூசல், விழா ஆகியவை அனைத்தும் இடம்பெற்றன. அவ்விதழின் படிகள் நூலகங்களில் காக்கப்பட்டமையால்தான் இன்றைய ஆய்வாளர் அவற்றைப் படிக்க முடிகிறது.

அக்கால அருங்காட்சியகங்கள் செய்த நன்மையை மறுத்தல் நன்றி மறத்தலாகும். பறவை, பூச்சி, விலங்கு ஆகியவற்றின் மாதிரிகளைப் பெயரும் இடமும் நாளும் குறித்துச் சேர்த்து வைத்தனர். அழிந்துபோயிருக்கக்கூடிய கைவினைப் பொருள்களைக் காத்தனர். ஆயினும் எவை அரும்பொருள் என்று முடிவு செய்தவர் ஆட்சியாளரே. காடும் விலங்கும் அரும்பொருளாயின. உள்நாட்டு மக்களின் படகும் கிரிசும் நெய்தலும் அரும்பொருளாயின. சாலை அமைத்து, இருப்புப்பாதை இட்டு, காடு திருத்திய கூலி உழைப்பாளரின் மண்வெட்டி அரும்பொருளாக எண்ணப்படவில்லை. தைப்பிங்கில் அருங்காட்சியகம் தோன்றிய இரண்டாண்டுகளில், 1885 இல், அதே ஊரிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இருப்புப்பாதை ஓடிற்று. பாதையை நாடு மறக்கவில்லை. பாதை இட்டவர் கைகளை நினைவூட்டும் பொருள்களைத் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் பல்லாண்டுகள் கழித்தே பிறந்தது.

இரு கற்களின் கதை

காக்கும் உணர்வு இல்லாவிடில் என்ன நேரும் என்பதைச் சிங்கப்பூர்க் கல்லின் கதை காட்டும். 1819 இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்கொண்ட காலத்தில், ஆற்று முகத்துவாரத்தில் காட்டை வெட்டியபோது பெரிய மணற்பாறை ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ பத்தடி உயரமுள்ள அதன் முகத்தில் ஐம்பது வரிகள் அளவில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. பழஞ்சாவக மொழியா, சமற்கிருதமா என அறிஞர் இன்றுவரை வேறுபடுகின்றனர். 1843 ஆம் ஆண்டில், ஆற்று வாயிலில் கட்டட வேலைக்காக அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எவரும் படித்து முடிக்காத ஒரு நூலின் ஒரே படியை எரித்ததற்கு ஒப்பான செயல் அது.

அச்சிதைவிலிருந்து எழுத்துள்ள சில துண்டுகளை மீட்டவர் ஜேம்சு லோ என்னும் படைத்தலைவர். அவற்றை அவர் கல்கத்தாவிற்கு அனுப்பினார். பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு துண்டு மட்டும் சிங்கப்பூருக்குத் திரும்பிற்று. 2006 ஆம் ஆண்டில் அது நாட்டின் பதினொரு தேசியச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் இடையூறு எனக் கருதி உடைத்த கல்லே மற்றொரு காலத்தில் நாட்டின் செல்வமாயிற்று.

அதே ஜேம்சு லோ 1834 இல் செபராங் பிறை வட்டாரத்தில் மற்றொரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அக்கல்லில் தூபி ஒன்று வரையப்பட்டுள்ளது. புத்தகுப்தன் என்னும் பெருங்கலத் தலைவன் தன் கடற்பயணம் இனிது முடிய வேண்டிய வேண்டுதல் தென்னிந்திய எழுத்தில் சமற்கிருத மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அதுவும் கல்கத்தாவிற்கே சென்றது. இன்று அது அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தின் உடைமை. தம் மாநிலத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றைக் காண விரும்பும் பினாங்கு மாணவன் கடல் கடந்து செல்லல் வேண்டும்.

ஜேம்சு லோவைப் பாராட்டுவதா, பழிப்பதா? அவர் அனுப்பியிராவிடில் அக்கற்கள் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே. அனுப்பியமையாலோ அவை பிறந்த மண்ணை இழந்தன. காத்தலும் கவர்தலும் ஒரே செயலுக்குள் கலந்துநின்ற காலம் அது. இச்சிக்கல் இன்றும் முற்றும் தீரவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

போர்க்காலமும் விடுதலைக் காலமும்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. நகர் முழுதும் கொள்ளை நிகழ்ந்த அந்நாள்களில் அருங்காட்சியகமும் நூலகமும் பெரிதும் தப்பின. சப்பானிய நில இயல் அறிஞர் தனகடதே, பூங்காவியல் அறிஞரான ஆங்கிலேயர் கார்னர் முதலியோர் பகைநாட்டினராய் இருந்தும் ஒன்றுபட்டு அச்செல்வங்களைக் காத்தனர். கைவிடப்பட்ட இல்லங்களில் சிதறிக் கிடந்த நூல்களையும் திரட்டிச் சேர்த்தனர். போரினும் பெரிது அறிவு என்று கருதிய சிலர் இரு தரப்பிலும் இருந்தமையால் ஒரு சேர்க்கை பிழைத்தது.

கோலாலம்பூருக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1945 மார்ச்சுத் திங்களில் நேச நாட்டு விமானங்கள் இருப்புப்பாதை நிலையப் பகுதியைக் குறிவைத்து வீசிய குண்டுகளால் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி அழிந்தது. அழிந்த அவ்விடத்திலேயே விடுதலை பெற்ற நாடு தன் தேசிய அருங்காட்சியகமாகிய மூசியம் நெகாராவை எழுப்பி, 1963 ஆகசுட்டு 31 ஆம் நாள் திறந்தது. மலாய் மாளிகைக் கட்டடக் கலையைத் தழுவிய அதன் கூரையும், நாட்டின் வரலாற்றையும் தொழில்களையும் வண்ணச் சில்லுகளால் தீட்டிய முகப்பும் ஒரு செய்தியை அறிவித்தன. 'இது ஆளவந்தவரின் வியப்புக் கூடம் அன்று. ஆளும் உரிமை பெற்ற மக்களின் இல்லம்' என்பதே அச்செய்தி.

சிங்கப்பூரிலும் அருங்காட்சியகம் 1960 இல் தேசிய அருங்காட்சியகம் எனப் பெயர் பெற்றது. நாட்டு வரலாறும் கலையுமே இனித் தன் கடமை என்று அது முடிவு செய்தபோது, ஒரு நூற்றாண்டுக் காலம் சேர்த்த விலங்கியல் மாதிரிகள் 1972 இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1892 இல் மலாக்காவுக்கு அருகே கரையொதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு பல தலைமுறை மாணவரை அண்ணாந்து பார்க்க வைத்தது. அதுவும் 1974 இல் மூசியம் நெகாராவிற்குக் கொடையாக அளிக்கப்பட்டது. இடமின்றி அலைந்த விலங்கியல் மாதிரிகளைச் சில ஆசிரியரும் காப்பாளரும் கண்ணெனக் காத்தனர். அவற்றின் அருமை பின்னரே உணரப்பட்டு, 2015 இல் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக அவை புத்துயிர் பெற்றன. ஒரு தலைமுறை வேண்டாவென ஒதுக்கியதை அடுத்த தலைமுறை தேடும் என்பது இதனால் விளங்கும். ஆதலின் ஒதுக்குமுன் பலமுறை எண்ணுதல் கடனாகும்.

கடாரத்து மண்

தமிழர்க்கு மிக நெருங்கிய சான்று கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்காகும். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரைப்பர். முதலாம் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டளவில் கடாரம் கொண்ட செய்தியைச் சோழர் கல்வெட்டுகள் பறைசாற்றும். எனினும் அப்பகுதியின் பெருமை ஒரு படையெடுப்பில் அடங்குவதன்று. பல நூற்றாண்டுகள் இந்தியரும் சீனரும் அரபியரும் காற்றுக்குக் காத்திருந்து பண்டம் மாற்றிய துறைமுகம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்சு லோ அங்குள்ள சிதைவுகளைக் குறித்து எழுதினார். 1936–37 இல் குவாரிச்சு வேல்சு தம்பதியர் பல இடங்களை அகழ்ந்தனர். புக்கிட் பத்து பகாட் என்னுமிடத்துக் கோயிலின் அடித்தளம் 1960 அளவில் மீண்டும் சீரமைக்கப்பட்டது. பின்னர் மெர்போக்கில் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டு 1980 இல் திறக்கப்பட்டது. வேறிடங்களில் இருந்த சில சண்டிகளின் கற்களும் செங்கற்களும் பெயர்த்துக் கொணரப்பட்டு அதன் வளாகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன. பொருளை மட்டும் கொண்டுசென்று பேழையில் பூட்டிய காலம் போய், பொருள் கிடைத்த நிலத்திலேயே அருங்காட்சியகம் எழுந்தது இங்குக் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். ஓடையும் குன்றும் கடலும் சூழ நின்று பார்ப்பவனுக்கே அக்கோயில் ஏன் அவ்விடத்தில் எழுந்தது என்பது புலனாகும்.

ஆயினும் அருங்காட்சியகத்தின் வேலி வரைதான் அதன் காவல். 2013 ஆம் ஆண்டில், சுங்கை பத்துப் பகுதியில் 11 ஆம் எண் இடப்பெற்றிருந்த சண்டி, வீடமைப்புக்காக நிலம் சமப்படுத்தப்பட்டபோது தகர்க்கப்பட்ட செய்தி நாட்டையே அதிரவைத்தது. எண் இட்டதும் ஏட்டில் எழுதியதும் அதனைக் காக்கவில்லை. 1843 இல் சிங்கப்பூர்க் கல்லுக்கு நேர்ந்தது 170 ஆண்டுகளுக்குப் பின்னும் நேரக்கூடும் என்றால், காவல் அருங்காட்சியகத்தாரின் வேலை மட்டும் அன்று. சட்டமும் மக்களின் விழிப்பும் இரு கரைகளாக நின்றாலன்றி அது நிலைக்காது.

கடாரத்தின் மற்றொரு சான்றோ இந்நாட்டிலும் இல்லை, தமிழகத்திலும் தங்கவில்லை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாக ஹாலந்தை அடைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. 21 ஏடுகளைக் கொண்ட அச்சாசனம் வரலாற்று நூல்களில் 'லெய்டன் செப்பேடுகள்' என்றே வழங்கலாயிற்று. பொருள் இடம் பெயர்ந்தால் பெயரும் பெயர்கின்றது. பெயர் பெயர்ந்தால் ஊரின் நினைவும் மங்குகின்றது. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றே நாம் வழங்குவோமாயின், அதுவும் ஒருவகை மீட்பேயாகும்.

திரும்பி வந்த திருமேனிகள்

அருங்காட்சியகங்கள் தம் சேர்க்கை எவ்வாறு வந்தது என்று தம்மைத் தாமே வினவும் நிலை அண்மைக் காலத்தில் பிறந்துள்ளது. 1970 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறைவேற்றிய உடன்படிக்கை, பண்பாட்டுப் பொருள்களைக் கள்ளத்தனமாகக் கடத்துவதைத் தடுக்க வழிவகுத்தது. ஆயினும் தமிழகத்துக் கோயில்களின் செப்புத் திருமேனிகள் பின்னரும் களவாடப்பட்டு வெளிநாடுகளை அடைந்தன.

தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976 இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி களவாக இலண்டனை அடைந்தது. நெடிய வழக்கிற்குப் பின், அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 இல் கோயிலின் உரிமையை ஏற்றது. இறைவனின் திருவுருவுக்கு அந்நிய மண்ணின் நீதிமன்றம் வழி திறந்த அவ்வழக்கு இன்றும் பேசப்படுகின்றது.

அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலின் கதை சிங்கப்பூரோடும் தொடர்புடையது. அக்கோயிலின் நடராசர் ஆசுதிரேலியத் தேசியக் காட்சிக்கூடத்தையும், உமை திருவுருவம் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தையும் சென்றடைந்தன. இரண்டையும் விற்றவர் நியூயார்க்கு நகர வணிகர் ஒருவரே. அவ்வுமையைச் சிங்கப்பூர் அருங்காட்சியகம் 2007 இல் விலைகொடுத்து வாங்கிற்று. களவு வெளிப்பட்டபின் ஆசுதிரேலியா நடராசரை 2014 இலும், சிங்கப்பூர் உமையை 2015 இலும் இந்தியாவிடம் திருப்பித் தர இசைந்தன. அவ்வணிகருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

களவு எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது என்பதை மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல்லாண்டுகளாகத் தமிழகத்துக் கோயில்தோறும் சென்று திருமேனிகளைப் புகைப்படம் எடுத்து, ஊரும் நாளும் குறித்து வைத்திருந்தனர். அப்படங்கள் எடுக்கப்பட்டபோது எவரும் அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை. தெய்வம் களவு போனபின் அப்படங்களே சான்று கூறின. ஒரு பொருளைக் காத்தலின் முதற்படி அதனைப் பதிவு செய்தலே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த பாடம் என்று எண்ணுதலும் பொருந்தாது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பிக்கத் தொடங்குமுன், அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கும்படி முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தது. கோயில் மீண்டும் எழுந்தபின், இராசேந்திரன் காலத்தில், அவை புதிய சுவரில் மறுபடியும் பொறிக்கப்பட்டன. பழையதை இடிக்குமுன் அதன் எழுத்தைக் காப்பது தமிழர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைக்கொண்ட நெறி.

யாருடைய நினைவு?

இந்நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் எதிர்கொள்ளும் வினா, 'எதைக் காப்பது?' என்பதினும், 'யாருடைய நினைவைக் காப்பது?' என்பதேயாகும். உலக அருங்காட்சியகக் கழகம் 2022 இல் ஏற்ற புதிய வரையறை, கைக்குப் புலனாகும் பொருளோடு புலனாகாத மரபையும் சேர்த்தே கூறுகின்றது. மக்களின் பங்கேற்பையும் வற்புறுத்துகின்றது.

சயாம்–பர்மா இருப்புப்பாதையை எண்ணிப் பார்ப்போம். 1942–43 இல் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அப்பாதையைச் சப்பானியர் இட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்ட போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிய உழைப்பாளருள் மாண்டோர் தொகை போர்க் கைதிகளினும் மிகுதி. அவர்க்கோ பெயர் பொறித்த கல் இல்லை. கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், திரும்பிச் சென்று நூல் எழுதினர். எழுத்தறிவற்ற நம் தோட்டத் தொழிலாளியின் துயரம் அவன் வாய்மொழியாகவே நின்று, அவனோடு மறைந்தது. பதிவு இல்லாத துயரம் வரலாற்றில் துயரமாகவே எண்ணப்படுவதில்லை என்பது கசப்பான உண்மை.

இக்குறையை உணர்ந்தே சிங்கப்பூரில் 1979 இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. பல மொழியினரும் தம் வாழ்வைத் தம் குரலில் கூற, அது ஒலிநாடாவில் பதிவாயிற்று. தெலுக் ஆயர் தெருவில் 1830 அளவில் எழுந்த நாகூர் தர்கா இன்று இந்திய முசுலிம்களின் மரபுடைமை நிலையமாக விளங்குகின்றது. 2015 மே திங்களில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் சந்தில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டுக் கலைஞர் செதுக்கிய மர நிலைவாயிலும் குடும்பங்கள் அளித்த நகையும் ஆவணமும் அங்கு ஒருசேரக் காட்சி தருகின்றன. மலாக்காவின் காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் தம் வாழ்வைக் காட்டும் சிறு அருங்காட்சியகத்தைப் பேணி வருகின்றனர். தாயகத்து மொழி வழக்கொழிந்தும் வழிபாடும் சடங்கும் மாறாத அச்சமூகத்தின் கதையை அவர்களே கூறுதல் சிறப்பன்றோ?

சிறு பொருளும் எத்துணைப் பெரிய செய்தியை ஏந்தக்கூடும் என்பதற்கு நியூசிலாந்து நாட்டில் உள்ள தமிழ் மணி சான்று. ஏறத்தாழ 1836 இல் வில்லியம் கொலென்சோ என்னும் சமயப்பணியாளர், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திவந்த வெண்கலக் கலம் ஒன்றைக் கண்டார். அது கலம் அன்று. ஒரு கப்பல் மணியின் பகுதி. முகைதீன் பக்சு என்பாரின் கப்பலுக்குரிய மணி என்று அதன்மேல் தமிழில் எழுதப்பட்டிருந்தது. அவர் அதனை அடுப்பிலிருந்து மீட்டிராவிடில், தென்கடல் வரை எட்டிய ஒரு தமிழ் மணியின் ஓசை என்றோ அடங்கியிருக்கும். தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னுமிடத்தில் பௌத்த மடம் ஒன்று பேணிய சிறிய காட்சியகத்தில், தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவனின் உரைகல் உள்ளது. 'பெரும்பதன் கல்' என்னும் தமிழ்ச் சொற்கள் பண்டைத் தமிழ் எழுத்தில் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை உரைத்த கல் இன்று வரலாற்றையே உரைக்கின்றது.

நம் கடமை

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? அருங்காட்சியகம் என்பது தலைநகரில் உள்ள கட்டடம் மட்டும் அன்று. பொருளை மதித்து, அதன் ஊரும் பேரும் குறித்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் ஒழுங்கே அருங்காட்சியகம். அவ்வொழுங்கு ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையிலும் தொடங்கலாம்.

இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டு வருகின்றன. லயங்கள் இடிக்கப்பட்டன; பெரட்டுக் களங்கள் புல் மூடின. பால்வெட்டும் உளி, பால் பிடித்த மங்கு, தோளில் சுமந்த காண்டா வாளி, விடியலில் நெற்றியில் கட்டிய விளக்கு, தோட்டக் கோயிலின் திருவிழா அழைப்பு, தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு ஆகியவை இன்று பழைய இரும்புக் கடைக்கும் குப்பைக்கும் போகின்றன. நூறாண்டு கழித்து வருவோர் இவற்றைத் தேடுவர். அன்று இவற்றுக்கு விலை கூறுவார் இருப்பர்; பொருள்தான் இராது.

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாகவே அமைக்கலாம். மாணவன் தன் இல்லத்திலிருந்து பழைய பொருள் ஒன்றைக் கொணரட்டும். அது என்ன, எவருடையது, எக்காலத்தது, எவ்வூரில் பயன்பட்டது, எவ்வாறு பயன்பட்டது என்னும் ஐந்து வினாக்களுக்குத் தன் பாட்டனிடமோ பாட்டியிடமோ கேட்டு விடை எழுதட்டும். பொருளைப் படம் எடுக்கட்டும்; பெரியோரின் குரலையும் பதிவு செய்யட்டும். பொருள் வீட்டிற்கே திரும்பினும் குறிப்பும் குரலும் பள்ளியில் தங்கும். அவற்றின் படியொன்றை ஆவணக் காப்பகத்திற்கோ அருங்காட்சியகத்திற்கோ அளித்தல் மேலும் நன்று. பள்ளி இடம் மாறினும் பதிவு அழியாது. இம்முயற்சியால் மாணவன் கட்டுரை எழுதப் பழகுவான். வழக்கிறந்த தொழிற்சொற்களை அறிவான். தன் பாட்டன் பட்ட பாட்டையும் அறிவான். மொழிப்பாடமும் வரலாற்றுப்பாடமும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

கோயில் நிருவாகத்தாரும் சங்கத்தாரும் பழைய நிகழ்ச்சிக் குறிப்பு, நன்கொடைப் பட்டியல், புகைப்படம் ஆகியவற்றைக் குடமுழுக்கின்போதோ கட்டடம் புதுப்பிக்கும்போதோ எறிந்துவிடாமல் படியெடுத்து வைத்தல் வேண்டும். திருமழபாடி காட்டிய வழி அது.

சென்னை மக்கள் நகையாடிய 'செத்த காலேஜ்' உயிர்பெறுவது கட்டடத்தால் அன்று, கண்ணாடிப் பேழையால் அன்று. அங்குள்ள பொருளைக் கண்டு, 'இது எங்கள் பாட்டியின் மங்கு. இதில்தான் அவள் பால் சேர்த்தாள்' என்று ஒரு சிறுமி தன் தோழிக்கு எடுத்துரைப்பாளாயின், அன்று அது உயிருள்ள கல்லூரியாகும். அவள் கண்டு கூற அம்மங்கு எஞ்சியிருக்க வேண்டும். அதனை எஞ்சியிருக்கச் செய்வது இன்றைய ஆசிரியரும் மாணவரும் ஆற்ற வேண்டிய பணி.